கம்ப்யூட்டரம்மா எழுதிய சட்டம்

எங்கள் கம்பெனியில் அவர் ‘யாரு?’ என்று கேட்டால் போதும், சுற்றி நிற்பவர்களில் பாதிப் பேருக்கு உடனே ஏதாவது அவசர வேலை ஞாபகம் வந்துவிடும். குரலை உயர்த்த மாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே கேட்பார். ‘ஏன்’ என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள், ‘யாரு’ என்று கேட்டால்தான் வேலை நடக்கும் என்பது அவர் கட்சி. இப்படிப்பட்ட ஒருவரோடு ஒரே அறையில், நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு மட்டும் வைத்துக்கொண்டு, மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தேன். என் பொறுமையை நீங்கள் மெச்ச வேண்டும்.

நான் சொல்வது 1991. ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டைக்குப் போகும் சாலையில் இன்றைக்கு இருக்கும் பெரிய கம்பெனிகள் ஒன்றுகூட அப்போது கிடையாது. வேலிக்காத்தான் முள்ளுக்கு நடுவில் எங்கள் பிரஸ் ஷாப் இருந்தது. வண்டிகளுக்கான சின்னச் சின்ன இரும்புத் துண்டுகளை அழுத்தி வெட்டிக் கொடுப்போம். மூன்று ஷிப்ட் ஓடும். நான் டைம் ஆபீஸ் கிளார்க். யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்று பெரிய மஸ்டர் ரோல் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தவன். அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்பு கம்ப்யூட்டர் வந்தது. கூடவே அதை இயக்க, சேரப்பணஞ்சேரியிலிருந்து அவரும் வந்தார். மஸ்டர் ரோலை நிறுத்திவிட்டார்கள். தொழிலாளிகள் அவருக்குக் கம்ப்யூட்டரம்மா என்று பெயர் வைத்தார்கள். எனக்கு மேடம். அவருக்கு நான் ‘டைம் ஆபீஸ்’. என் சொந்தப் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

கம்ப்யூட்டர் அறையில் மட்டும்தான் ஏசி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இதனால் எங்கள் மேனேஜருடைய காலுறையில் கட்டைவிரல் வெளியே தெரியும் என்கிற உண்மை கம்பெனி முழுக்கத் தெரிந்துபோயிற்று. ஒருநாள் மேனேஜர் தன் மச்சானை அழைத்துவந்து, “இவர் கொஞ்ச நேரம் கேம் ஆடிப் பாக்கட்டும்மா” என்றார். மேடம் எழுந்து நின்று, மிகவும் மரியாதையாக, “முடியாது சார்” என்றார். எந்த விளக்கமும் கிடையாது. மச்சான் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

அவருக்கு எல்லாவற்றிலும் ஒரு பெயர் ஒட்டியிருக்க வேண்டும். கேன்டீனில் குடிதண்ணீர் டிரம் ஒன்று இருந்தது. அடியில் பாசி பிடித்து, மேலே ஈ மிதக்கும். யூனியன் இரண்டு தடவை கூச்சல் போட்டும் ஒன்றும் நடக்கவில்லை. மேடம் ஒரு அட்டையில் ‘இந்த டிரம்மைக் கழுவுபவர்: முனியம்மா’ என்று எழுதி மாட்டினார். முனியம்மா கேன்டீனில் பாத்திரம் துலக்குகிறவள். அட்டையைப் பார்த்துவிட்டு நேராக எங்கள் ஜன்னலுக்கு வந்தாள்.

“எம் பேர எழுதி மாட்டறதுக்கு நா இன்னா திருடியா?”

“திருடி பேர யாரும் எழுதி மாட்ட மாட்டாங்க முனியம்மா. ஓடிடுவாங்கல்ல” என்றார் மேடம்.

ஒரு வாரம் முனியம்மா எங்களுக்கு டீயைச் சிந்திச் சிந்திக் கொடுத்தாள். பிறகு என்ன ஆயிற்றோ தெரியாது, டிரம்முக்குப் பக்கத்தில் யாராவது கை கழுவினால் கரண்டியை எடுத்துக்கொண்டு வர ஆரம்பித்தாள். அந்தத் தண்ணீரை மேனேஜரே கேட்டு வாங்கிக் குடித்தார். அட்டை நனைந்து எழுத்து அழிந்தபோது அவளே வந்து, “எம் பேர வேற மையில எழுதிக் குடு மேடம்” என்று கேட்டு வாங்கிப் போனாள்.

தன் தப்புக்கும் இதே மரியாதைதான். ஒருநாள் வருகைப் பதிவில் தேதியை மாற்றி ஏற்றிவிட்டார். அதை யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள்: ‘நேற்றுத் தேதியைத் தவறாக ஏற்றியது நான். திருத்திவிட்டேன்.’ கீழே முழுப் பெயரும் கையெழுத்தும். எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்கு இல்லை.

சட்டம் பிறந்த கதைக்கு வருகிறேன். ஆடி மாதம் ஒரு மத்தியானம் கம்ப்யூட்டர் திரையில் ஒரு சின்னப் புள்ளி தோன்றி, பந்து மாதிரி இங்கேயும் அங்கேயும் குதிக்க ஆரம்பித்தது. எழுத்துகளின் மேல் முட்டித் திரும்பியது. நான் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்ச் சிரித்தேன். செய்தி பரவி, பிரஸ் ஷாப்பிலிருந்து ஆட்கள் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்று பார்த்தார்கள். மேடம் மட்டும் வெளிறிப்போய் நின்றார். அது வைரஸ் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கு வைரஸ் என்றால் காய்ச்சல்.

“இந்த ஃப்ளாப்பி எங்கருந்து வந்துச்சு? கொண்டாந்தது யாரு?”

வரிசை கலைந்தது. கடைசியில் தெரிந்தது, எங்களிடம் சரக்கு வாங்கும் பெரிய கம்பெனி ஒன்று படம் வரைந்து அனுப்பிய ஃப்ளாப்பி அது. எங்களைப் போலவே இன்னும் மூன்று சின்னக் கம்பெனிகளுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். மேடம் போனை எடுத்தார். அன்று அவர் பேசிய பேச்சு எனக்கு இன்னமும் மனப்பாடம். “உங்க கம்ப்யூட்டர்ல ஒரு கெட்டது வந்திருக்கு சார். இதுக்கு உங்க கம்பெனில யாரு?” பர்ச்சேஸ் ஸ்டோர்ஸைக் கைகாட்டியது. ஸ்டோர்ஸ் மெயின்டனன்ஸைக் கைகாட்டியது. மெயின்டனன்ஸ்காரர், “கம்ப்யூட்டரா, அது ஏசி டிபார்ட்மெண்டும்மா” என்றார். நாலு கம்பெனி, பதினோரு பேர். ஒருவர்கூட ‘நான்தான்’ என்று சொல்லவில்லை.

போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

“டைம் ஆபீஸ், நாளைக்கி பேங்குல, ரயில்வேல, கரண்ட் ஆபீஸ்ல எல்லாம் இது வரப்போவுது. இப்பவே வந்துக்கினு கீது. ஒரு பந்து உள்ள பூந்தா யாருக்குப் போன் பண்றது?”

“மேனேஜருக்குத்தான்” என்றேன்.

“நாட்டுக்கு யாரு மேனேஜர்?”

அவர் அன்று சாயங்காலமே ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ‘சட்ட முன்வரைவு’ என்று தலைப்புப் போட்டார்.

மறுநாள் கேன்டீனில் அதைப் படித்துக் காட்டினார். அப்போதுதான் நான் முதன்முதலாக ஒரு சட்டம் எழுதப்படுவதைப் பார்த்தேன். பக்கத்தில் வடை இருந்தது. முதல் பிரிவு: கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஒவ்வொரு அலுவலகத்திலும் அதன் பாதுகாப்புக்கு ஒரே ஒருத்தர் பொறுப்பு, அவர் பெயரைக் கதவில் எழுத வேண்டும். இரண்டாவது: அவர் முதலாளியிடமும் ‘முடியாது’ என்று சொல்லலாம். மூன்றாவது: இவர்கள் எல்லோருக்கும் மேலே டெல்லியில் ஒருத்தர் இருக்க வேண்டும்; நாட்டில் எங்கே கோளாறு நடந்தாலும் ஒரே நாளில் அவருக்குத் தெரிவிக்க வேண்டும்; அவர் மற்ற எல்லோரையும் எச்சரிக்க வேண்டும்.

“ஏன் மேடம் ஒர்த்தரு? கமிட்டி போடலாமே” என்றார் யூனியன் செயலாளர்.

“கமிட்டி போட்டாங்கன்னா போன் எடுக்கறது யாரு?”

செயலாளர் வடையைக் கையில் எடுத்தார்.

ஏழுமலை மட்டும் யோசித்துக்கொண்டிருந்தான். பிரஸ் ஷாப்பில் டெம்பரரி. வல்லக்கோட்டைக்காரன். இடது கை சுண்டுவிரல் நுனி மெஷினில் போனவன். “மேடம், தப்பு நடந்தா சொல்லணும்னு எழுதிகீறீங்க. எவன் சொல்லுவான்? சொன்னா வேல பூடும். நானா இருந்தா சொல்ல மாட்டேன்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து நாலாவது பிரிவை அங்கேயே எழுதினார்: தானே முன்வந்து தவறைச் சொன்னவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது. “இது உன் பிரிவு ஏழுமல” என்றார். அவன் பெருமையோடு இன்னொரு டீ சொன்னான்.

அந்தச் சட்டம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். டெல்லிக்குத் தபாலில் அனுப்பியதற்கு ‘தங்கள் கடிதம் கிடைத்தது’ என்று அச்சடித்த அட்டை ஒன்று வந்தது. சென்னைக் கோட்டைக்கு நேரில் எடுத்துப்போனதைப் பிறகு சொல்கிறேன். கம்ப்யூட்டருக்கென்று நாட்டில் ஒரு சட்டம் வர அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் ஆயிற்று. டெல்லியில் ஒருத்தர் என்று உட்கார வைத்தது அதற்கும் வெகு நாள் கழித்து. அதெல்லாம் எங்கள் கேன்டீன் தாளைப் பார்த்துச் செய்தது என்று சொல்ல எனக்கொன்றும் பைத்தியமில்லை. ஆனால் இணையப் பாதுகாப்புத் தலைமையைப் பலப்படுத்த இன்ன சட்டம் வருகிறது என்று இன்றைக்கும் செய்தித்தாளில் பார்த்தால், மற்றதையெல்லாம் தள்ளிவிட்டு அந்த ஒருத்தர் யார் என்றுதான் என் கண் தேடுகிறது. பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஏழுமலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்குள் நானூற்று எண்பது நாள் வேலை செய்தவனை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் உண்டு. அதனாலேயே கம்பெனிகள் நானூற்று எழுபதை நெருங்கும்போது ‘பிரேக்’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஏழுமலைக்கு வேறொரு கம்பெனியில் ஒரு தடவை அப்படி நடந்திருக்கிறது. கையில் ஒரு பெண் குழந்தை, மனைவி அடுத்ததைச் சுமந்துகொண்டிருந்தாள். தினமும் ஷிப்டுக்கு முன் எங்கள் ஜன்னலில் முகத்தை வைத்து, “மேடம், இன்னிக்கி எத்தினி?” என்பான். மேடம் எத்தனை வேலை இருந்தாலும் திரையைப் பார்த்துச் சொல்வார். அவனைச் சேர்த்து இருபது பேர் அந்த வரிசையில் இருந்தார்கள். ஆயுத பூஜை வந்தபோது அவன் கணக்கு நானூற்று அறுபத்து மூன்று.

இனி நான் செய்த காரியம்.

எங்கள் கம்ப்யூட்டரின் வயிற்றில் எதுவும் தங்காது. எல்லாம் ஃப்ளாப்பியில்தான். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய, சதுரமான, மெல்லிய கறுப்பு உறை. அதில் நீளமாக ஒரு திறப்பு இருக்கும். உள்ளே பழுப்பாகத் தகடு தெரியும். அந்தத் தகட்டில்தான் எங்கள் முந்நூறு பேருடைய நாட்கள் இருந்தன. இரண்டு செட். ஒன்று மேஜைப் பெட்டியில், நகல் எதிர்ச்சுவர் பீரோவில். இரண்டும் ஒரே இடத்தில் ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது என்பது மேடத்தின் கட்டளை.

ஆயுத பூஜைக்கு எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஸ்பேனர்கூடக் குளித்துப் பொட்டு வைத்துக்கொள்ளும். பிரஸ் மெஷினுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டுவோம். மேடம் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். பூஜையன்று காலையிலேயே சாவியை என்னிடம் கொடுத்தார். “நீங்க எல்லாரும் ஆசையா கும்புடற நாளு. நா நின்னுக்கினு அத தொடாத, இத தொடாதன்னா நல்லாயிருக்காது. பாத்துக்குங்க டைம் ஆபீஸ்” என்று சொல்லிவிட்டு அரை நாள் லீவில் பஸ் ஏறிவிட்டார்.

நான் பக்திமான். கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். கீபோர்டுக்கு ஒரு பொட்டு. பிறகு யோசித்தேன்: பெட்டியை மட்டும் கும்பிட்டு என்ன, உண்மையான ஆயுதம் ஃப்ளாப்பிதானே? பீரோவைத் திறந்து நகலையும் எடுத்தேன். இரண்டு செட்டையும் வாழையிலையில் வரிசையாக வைத்தேன். நல்ல குழைத்த சந்தனம். பொட்டு வைக்க நெற்றி மாதிரி ஒரு இடம் வேண்டுமே. அந்த நீளத் திறப்பு எனக்கு அப்படித்தான் தெரிந்தது. ஒவ்வொன்றின் தகட்டிலும் பார்த்துப் பார்த்து வைத்தேன். சூடம் காட்டினோம், சுண்டல் தின்றோம். வீட்டுக்குக் கிளம்பும் முன் ஈரத் துணியால் எல்லாவற்றையும் அழுத்தித் துடைத்து, சமர்த்தாக அவரவர் இடத்தில் வைத்துப் பூட்டினேன். அந்த ஈரத் துணி சந்தனத்தைவிட மோசமானது என்று எனக்கு யார் சொன்னது?

திங்கட்கிழமை மேடம் முதல் ஃப்ளாப்பியைச் செருகினார். கர்ர் கர்ர் என்று அரிசியில் கல் அரைபடும் சத்தம் வந்தது. இரண்டாவது. மூன்றாவது. பீரோவைத் திறந்து நகலைப் போட்டார். அதே சத்தம். ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், பிறகு மூக்கருகே கொண்டுபோனார். சந்தன வாசனை எனக்கே அடித்தது. அவர் என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானாகச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

அவர் எழுந்து மேனேஜர் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்ததால் கேட்டது. “வருகைப் பதிவு ரெண்டு செட்டும் கெட்டுப்போச்சு சார். அதுக்கு நான்தான் பொறுப்பு.” மேனேஜர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் வெளிச்சம். “சரி, போனது போச்சு. டெம்பரரி ஆளுங்களுக்கு இன்னிலருந்து புதுசா ஒண்ணுன்னு ஆரம்பிங்க. தீபாவளி முடிஞ்ச அடுத்த வாரம் எல்லாருக்கும் பிரேக்கும் குடுத்துடலாம்” என்றார்.

அன்று ஏழுமலை ஜன்னலுக்கு வந்தபோது மேடம் அவனிடம் உள்ளதைச் சொன்னார். அவன் கத்தவில்லை. தன் குட்டைச் சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றான். “வூட்ல காலண்டர்ல கீது மேடம். அவ போட்டு வெச்சிருப்பா” என்றான் மெதுவாக.

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை என் மொபெட்டில் அவரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வல்லக்கோட்டைக்குப் போனேன். சர்ச்சுக்குப் போய்விட்டு அதே வெள்ளைப் புடவையில் வந்திருந்தார். ஏழுமலையின் மனைவி ஆணியிலிருந்து மாதக் காலண்டரைக் கழற்றினாள். அடியில் போன வருஷத்துக் காலண்டரும் இருந்தது. ஒவ்வொரு தேதியிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஷிப்ட் எண். வராத நாளில் ஒரு சுழி. “அவரு எப்ப வருவாருன்னு தெரிஞ்சாத்தானம்மா ஒல வெக்க முடியும்” என்றாள். சில தேதிகளில் வேறு மாதிரி சின்னப் புள்ளிகள் இருந்தன. “இது இன்னா?” என்று நான் கேட்டேன். இரண்டு பெண்களும் என்னைப் பார்த்த பார்வையில் நான் வெளியே போய் மொபெட்டைத் துடைத்தேன்.

இப்படி இருபது வீடு. இரண்டு ஞாயிறும் தீபாவளி லீவும் போயிற்று. சுங்குவார்சத்திரத்தில் லாட்ஜில் தங்கியிருந்த தென்காசிப் பையன்கள் மூன்று பேருக்கு மனைவியும் இல்லை, காலண்டரும் இல்லை. ஆனால் லாட்ஜ்காரர் அவர்களை எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்று சுவரில் கரியால் எழுதிவைத்திருந்தார். அதையும் மேடம் படியெடுத்தார். வழியெல்லாம் அவர் வாயிலிருந்து என்னைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. எனக்கு அந்த மௌனம் முதுகில் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். திருப்பம் முடிந்துவிடும்.

தங்கள் நாள் கணக்கை ஒப்புக்கொள்ளச் சொல்லி இருபது பேரும் லேபர் இன்ஸ்பெக்டருக்குக் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருந்தார்கள். தீபாவளிக்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை அவர் எங்கள் கம்ப்யூட்டர் அறைக்கே வந்து உட்கார்ந்தார். திங்கட்கிழமையிலிருந்து பிரேக். ஏழுமலைக்கு அன்றோடு நானூற்று எழுபத்தொன்பது நாள், மேடத்தின் கணக்கு சரியென்று ஒப்புக்கொண்டால். இல்லாவிட்டால் பதினாறு.

இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர், சளி பிடித்திருந்தது. மேஜைமேல் கிடந்த காலண்டர்களைப் புரட்டினார். “ரிஜிஸ்டர் எங்கே?” என்றார். கம்ப்யூட்டரில் இருந்தது என்று சொன்னதும் கைக்குட்டையை மடித்தார். “நான் வெச்சிருக்கிற சட்டத்துல கம்ப்யூட்டர்ங்கிற வார்த்தையே இல்லம்மா.”

“தெரியும் சார். அந்த வார்த்தைய போட்டு ஒண்ணு எழுதி வெச்சிருக்கேன். நாளைக்கி கோட்டையில குடுக்கப்போறேன்” என்றார் மேடம்.

இன்ஸ்பெக்டருக்குத் தும்மல் வந்தது. சிரிப்பாகவும் இருக்கலாம். “அது வர்றப்ப வரட்டும். இப்ப எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். அசல் பதிவு எப்படி அழிஞ்சதுன்னு தெரியணும். அது நெஜமாவே அழிஞ்சதுன்னு தெரிஞ்சாத்தான் இந்தக் காலண்டரையெல்லாம் சாட்சியா எடுத்துக்க முடியும். இல்லன்னா நாளைக்கே கோர்ட்டுல, அசல் எங்கியோ இருக்கு, இதெல்லாம் நேத்து எழுதினதுன்னு சொல்லிடுவாங்க.”

மேனேஜர் முந்திக்கொண்டார். “ஏதோ கரண்ட் ஃபால்ட் சார். யாரு என்னன்னு சொல்ல முடியாது. மெஷின்தானே.”

“நீங்க சொல்லுங்கம்மா” என்றார் இன்ஸ்பெக்டர்.

“பொறுப்பு நான் சார். ஆனா அழிஞ்சப்ப நா அங்க இல்ல. நா பாக்காதத நா எழுதிக் குடுக்க முடியாது” என்றார் மேடம். அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். ஒரு வார்த்தை பொய் எழுதிக் கொடுத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். அது அவரால் ஆகாது. என்னைக் கைகாட்டியிருந்தாலும் முடிந்திருக்கும். அதுவும் அவரால் ஆகாது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஜன்னலுக்கு வெளியே ஏழுமலையும் மற்றவர்களும் நின்றிருந்தார்கள். மேனேஜர் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே ‘உட்கார்’ என்றார். வீட்டுக் கடைக்குட்டியின் பள்ளிக்கூடம், அம்மாவின் ஆஸ்துமா எல்லாம் ஞாபகம் வந்தன. எழுந்து நின்றேன்.

“நான்தான் சார். ரெண்டு செட்டுக்கும் சந்தனம் வெச்சு, ஈரத் துணியால தொடச்சேன்.”

“சந்தனமா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“குங்குமமும் சார்.”

அவர் அந்த ஃப்ளாப்பிகளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். தகட்டின் ஓரத்தில் மஞ்சள் கறை அப்படியே இருந்தது. “எழுதுங்க” என்று ஒரு தாளைத் தள்ளினார். நான் எழுதினேன். எப்போது வைத்தேன், எந்த விரலால் வைத்தேன் என்பதுவரை எழுதினேன். அதை இரண்டு தடவை படித்துவிட்டு, காலண்டர்களை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயராகச் சரிபார்க்க ஆரம்பித்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு இருபது பேர் கணக்கிலும் கையெழுத்துப் போட்டார்.

மேனேஜரின் முகம் சிவந்திருந்தது. “இந்தாளை நான் எப்படி வெச்சுக்கிறது? ரெண்டு வருஷ ரெக்கார்டை அழிச்சவன்” என்று என்னைக் காட்டினார்.

“சொன்னவர அனுப்பிட்டா அடுத்த தடவ யாருமே சொல்ல மாட்டாங்க சார்” என்றார் மேடம். “அதுவும் இல்லாம நாளைக்கி நா மெட்ராஸ் போறேன். ரூமத் தொறந்து பதிவு ஏத்தப்போறது இவருதான்.”

இன்ஸ்பெக்டர் மூக்கைச் சிந்திக்கொண்டார். எனக்குக் கண் கலங்கியதை ஏசி காற்றின் மேல் போட்டேன்.

சனிக்கிழமை காலை அவர் நாலு பிரிவையும் ஒரு கவரில் போட்டுக்கொண்டு, தீபாவளி லீவுக்கு ஈடாக அன்று கோட்டை திறந்திருக்கும் என்று முதல் பஸ்ஸில் கோட்டைக்குப் போய்விட்டார். மூன்று மேஜை மாறி, கடைசியில் ஒரு சீல் வாங்கிக்கொண்டு வந்தார் என்பது திங்கட்கிழமை தெரிந்தது. சனிக்கிழமை நான் தனியாக இருந்தேன். செருப்பைக் கழற்றினேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, காயும்வரை காத்திருந்தேன். முதல் ஷிப்டின் பெயர்களை ஒவ்வொன்றாக ஏற்றினேன், இரண்டு தடவை சரிபார்த்தேன், நகல் எடுத்தேன். ஒன்றை மேஜையிலும் ஒன்றைப் பீரோவிலும் வைத்தேன். பதிவுத் தாளில் ‘ஏற்றியவர்’ என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். இத்தனை வருஷம் டைம் ஆபீஸில் அந்தப் பெயரை நான் இவ்வளவு நிதானமாக எழுதியதில்லை.

ஜன்னலில் ஏழுமலை. முகத்தில் தூங்கிய களையே இல்லை.

“சார், இன்னிக்கி எத்தினி?”

“நானூத்தி எம்பது.”

அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். “நீ சொல்றியா சார், மேடம் சொல்லிட்டுப் போனாங்களா?”

“நான் சொல்றேன்” என்றேன்.

அவன் தலையை ஆட்டிவிட்டு, மெஷின் காத்திருக்கும் என்று சொல்லிப் பிரஸ் ஷாப்புக்கு ஓடினான்.